உப்பில்லாப் பருப்பை வாபஸ் வாங்குகிறேன்

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய ‘இரவு ஏழரை’ சமையல் பக்கத்தின் ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பக்கத்தின் நான்காண்டு கால ரசிகை, ‘கரண்டிக்காரி’ என்ற பெயரில் தங்களுடைய ஒவ்வொரு பதிவுக்கும் முதல் ஆளாக இதயம் போடுபவள், இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் அண்ணனும் மாமாவும் நலம். அப்பாவும் நலம், அவருடைய ரத்த அழுத்தத்தின் மேல் எண் மட்டும் சற்று உயரமான இடத்தில் இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தாங்களும் தங்கள் வீட்டாரும், எல்லா வீடியோவிலும் வரும் அந்த நீலப்பிடி வாணலியும் நலமாயிருக்க விழைகிறேன்.

தங்கள் பக்கத்தின் ‘வாசகர் அடுப்பு’ பகுதியில் என் பெயரில் வெளியான ‘உப்பே இல்லாத பூசணிப் பருப்பு’ என்ற செய்முறையை உடனடியாக எடுத்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காரணம், அதில் உப்பு இருந்தது. நிறைய இருந்தது. நான் போடவில்லை. எப்படி வந்தது என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் தாங்கள் நம்புவீர்கள். சொன்னாலும் நம்புவீர்களா என்று தெரியாது, எனக்கே ஒரு மாதம் ஆயிற்று.

என் அப்பா பஸ் ஓட்டுநர். இருபத்தேழு வருஷமாக ஓட்டுகிறார். வருஷத்துக்கு ஒரு முறை டிப்போ டாக்டர் அவர் கையில் பட்டையைக் கட்டி, பம்பை அமுக்கி, ‘சரி, போங்க’ என்பார். இந்த வருஷம் அவர் ‘சரி’ என்று சொன்னார், ‘போங்க’ என்று சொல்லவில்லை. மேல் எண் நூற்று அறுபத்திரண்டு. ஆறு வாரத்தில் அது நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கினால் ஸ்டீயரிங்; இறங்காவிட்டால் டிப்போவின் பின்பக்கம் இருக்கும் தவறவிட்ட பொருட்கள் அறை. அந்த அறையில் என்ன வேலை என்றால், பஸ்ஸில் யாராவது குடையை மறந்துவிட்டுப் போனால் அதற்கு ஒரு சீட்டு கட்டி மாட்ட வேண்டும். அவர்கள் வந்து கேட்டால் கழற்றிக் கொடுக்க வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, “குடை குடுக்கச் சொல்றாங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை, முகம் கழுவிக்கொள்வோம்.

அன்றைக்கே நான் எழுந்து நின்று, இனிமேல் இந்த வீட்டில் இரவுச் சாப்பாடு என் பொறுப்பு என்று அறிவித்தேன். நான் வேலை செய்யும் பிரிண்ட் கடையில் மதியம் மூன்று மணிக்கு ஆளை விட்டுவிடுவார்கள், மற்ற நாலு பேரும் வீடு திரும்ப ஆறிலிருந்து ஏழரை ஆகும், ஆகவே நியாயமாகவும் அதுதான் சரி. அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன், எல்லாவற்றையும் மேலும் கீழும் பார்த்துத்தான் பேசுவான். “உனக்கு சமைக்கத் தெரியுமா குட்டி?” என்றான். “நாலு வருஷமா வீடியோ பாக்குறேன்” என்றேன். “நானும் நாலு வருஷமா கிரிக்கெட் பாக்குறேன்” என்றான். பதிலைத் தாங்கள் ஏற்கெனவே எழுதியிருந்தீர்கள் அல்லவா, ‘நாக்கு மீண்டும் பிறக்கும்’ என்ற அந்தக் கட்டுரை, அதை நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கடையிலேயே பெரிய தாளில் பிரிண்ட் போட்டு, அடுப்புக்கு மேலே ஒட்டினேன். ‘உப்பை விட்டுவிட்டு இருபத்தொரு நாள் பொறுத்திருங்கள். காய்கறிக்குள் ஒளிந்திருக்கும் இயற்கை உப்பை உங்கள் நாக்கே தேடிக் கண்டுபிடிக்கும்.’ அந்த வரியை மஞ்சள் கலரில் தீட்டினேன். உப்பு டப்பாவைத் துணி பீரோவில் போர்வைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டு, “தங்கத்த வெளிய போட்டுட்டு உப்பை உள்ள வெச்சுப் பூட்டுறா” என்றாள். பக்கத்தின் பெயரைக் கேட்டுவிட்டு, “பேரே ஏழரைன்னா அப்புறம் வெளங்கும்” என்றும் சொன்னாள். தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், எல்லோரையும் இப்படித்தான் சொல்லுவாள்.

முதல் வாரம் நான் செய்தவை: வேகவைத்த மீன், சுட்ட கத்தரிக்காய் மசியல், பீன்ஸ் போட்ட முட்டை, பூசணிப் பருப்பு. பொரித்தது எதுவும் கிடையாது, உப்பு துளியும் கிடையாது. தங்கள் படங்களில் வருவது போலவே நிறமும் வந்தது. ஆனால் அக்கா (இனி அக்கா என்றே எழுதுகிறேன், நாலு வருஷப் பழக்கம்), பாத்திரம் காலியாகவில்லை. மாமா ஒரு வாய் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, தரையில் டைல்ஸ் பதிப்பவர், கல்யாணம் ஆகும் வரை எங்களோடு இருக்கிறேன் என்று வந்தவர், வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அண்ணன், “உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க” என்று ஆரம்பித்தான், அம்மா அவன் தொடையில் கிள்ளினாள். அப்பா மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டார். “நல்லாருக்காப்பா?” என்று கேட்டேன். “சாப்பிட்டேன்ல” என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். அம்மா சமைத்த இருபத்தேழு வருஷத்திலும் அவர் ஒரு சாப்பாட்டை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்களை அழகு பார்த்தா ஏற்றுகிறோம் என்பது போல ஒரு முகம்.

ஏழாம் நாள், முக்கால் பாத்திரம் பருப்பைக் குப்பையில் கொட்டும்போது அழுதுவிட்டேன். சத்தம் போட்டு அழவில்லை, பாத்திரம் தேய்க்கிற சத்தத்தோடு சேர்த்து அழுதேன், இருந்தாலும் சின்ன வீடு, எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. இந்த இடத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, அத்தனை அநியாயமும் இங்கேதான் ஆரம்பம். அன்று மாலைதான் தெருமுனை மருந்துக்கடை அக்காவிடம் அப்பாவுக்கு அளந்து பார்த்தோம், நூற்று ஐம்பத்தெட்டு. நாலு இறங்கியிருந்தது. யாருக்கும் பிடிக்காவிட்டாலும் வேலை செய்கிறது, அதனால் விடக் கூடாது என்று மறுநாளும் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஒன்பதாம் நாள் அதிசயம் நடந்தது. எட்டு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தோம், பூசணிப் பருப்பை எடுத்து வாயில் வைத்தேன், உப்புக் கரித்தது! நான் ஒரு கல்லுகூடப் போடவில்லை, சாவி என் கழுத்தில் தொங்குகிறது, ஆனாலும் உப்பு. உடனே எழுந்து போய்த் தங்கள் கட்டுரையைப் பார்த்தேன். இயற்கை உப்பு! பூசணிக்குள் ஒளிந்திருந்ததை என் நாக்கு கண்டுபிடித்துவிட்டது! தாங்கள் இருபத்தொரு நாள் என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு ஒன்பதே நாளில் பிறந்துவிட்டது, குறைப்பிரசவமோ என்றுகூட ஒரு நிமிஷம் பயந்தேன். “உங்களுக்கும் உப்பு தெரியுதா?” என்று கேட்டேன். அம்மா பருப்பைப் பார்த்தாள். அண்ணன் தண்ணீர் குடித்தான். மாமா, “தெரியுது மாதிரிதான் இருக்கு” என்றார். அப்பா, “சாப்பிட்டேன்ல” என்றார். ஒரே வீட்டில் ஒரே நாளில் ஐந்து நாக்கு! பத்தாம் நாள் செய்முறையை எழுதித் தங்களுக்கு அனுப்பினேன், பதின்மூன்றாம் நாள் தாங்கள் வெளியிட்டீர்கள், என் பெயரை அடுப்புப் படத்துக்குக் கீழே பார்த்ததும் பிரிண்ட் கடையில் யாரோ ஒருவரின் வாடகை ஒப்பந்தத்தைப் பதினேழு காப்பி எடுத்துவிட்டேன்.

அதன்பிறகு வந்த கமெண்ட்களைத் தாங்களும் படித்திருப்பீர்கள். இருநூற்றுப் பதினாலு. ‘ஊறப்போட்ட சோபா மாதிரி இருக்கிறது’ என்று ஒருவர். ‘எங்கள் வீட்டு நாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது’ என்று ஒருவர். ‘இரண்டு பிள்ளைகளின் தாய்’ என்ற பெயரில் ஒரு சகோதரி, தன் கணவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டார் என்று எழுதியிருந்தார். நான் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் போட்டேன். ‘பொறுங்கள், உங்கள் நாக்கு இன்னும் பிறக்கவில்லை.’ அந்தச் சகோதரிக்கு, ‘இருபத்தொரு நாள் முடியட்டும், தானாகத் திரும்பி வருவார்’ என்று போட்டேன். இருபத்தொரு நாள் முடிந்துவிட்டது அக்கா. அவர் வந்தாரா என்று கேட்கத் தைரியமில்லை.

இதற்கிடையே சனிக்கிழமைதோறும் மருந்துக்கடை அக்காவிடம் போய்க்கொண்டுதான் இருந்தோம். நூற்று அறுபத்துமூன்று. அடுத்த வாரம் நூற்று அறுபத்தொன்பது. நான் முதலில் மிஷினைச் சந்தேகப்பட்டேன். அப்புறம், அப்பா வரும்போது பார்த்த டிராஃபிக்கைச் சந்தேகப்பட்டேன். அப்புறம், மருந்துக்கடை அக்கா கையைக் கட்டும்போது “வீட்ல என்ன விசேஷம்?” என்று கேட்பதைச் சந்தேகப்பட்டு, பேசாமல் அளக்கும்படி கேட்டுக்கொண்டேன். பேசாமல் அளந்தார். நூற்று எழுபத்துநாலு. “உப்பைக் குறைங்கன்னு சொன்னேனே” என்றார். “உப்பே இல்லக்கா! ஒரு மாசமா உப்பே இல்ல!” என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். வழியில் மழை தூறியது. குடை வைத்திருந்த ஒரு ஆளை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

முப்பதாம் நாள்தான் கண் திறந்தது. எங்கள் வீட்டின் அமைப்பைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். குளியலறைக்குப் போக வேண்டுமானால் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழியே கிடையாது. இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் சுவர், நடுவில் ஒருவர் ஒருக்களித்துப் போகிற இடம். வெளியிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் கை கால் கழுவ அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். வழக்கமாக நான் ஐந்தரைக்கே பருப்பை இறக்கிவைத்து மூடிவிட்டு, முன்னறையில் உட்கார்ந்து கமெண்ட்களுக்குப் பதில் போடுவேன். அன்று குளியலறையில் தண்ணீர் போகாமல் நின்றுவிட்டது, பழைய கரண்டிக் காம்பை வைத்து அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். பல்பு போய்விட்டது, கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை, ஒரு கை அகலத்துக்குத் திறந்தே கிடந்தது. தண்ணீர் நிற்கிறது என்று அன்று எல்லோரும் வாசல் குழாயிலேயே கை கால் கழுவிவிட்டு வந்தார்கள், நான் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

ஆறு மணி. அம்மா வந்தாள், சீருடை தைக்கிற பட்டறையிலிருந்து, கழுத்தில் அளவு நாடாவோடு. மூடியைத் திறந்தாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். முகத்தைச் சுளித்தாள். தையல் மிஷின் டிராயரிலிருந்த பட்டன் டப்பாவைக் கொண்டு வந்து, அதிலிருந்து ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். ஒரு சிட்டிகை இல்லை அக்கா, ஒரு கை. கிண்டி மூடிவிட்டுப் போனாள். நான் கரண்டிக் காம்போடு உறைந்து நின்றேன். வெளியே வந்து கத்தத்தான் நினைத்தேன், ஆனால் அம்மா மட்டும்தானா என்று பார்த்துவிடலாம் என இருட்டிலேயே காத்திருந்தேன். அடுத்து அப்பா. ஆறரை. அவரும் மூடியைத் திறந்தார், ருசி பார்த்தார், பெருமூச்சு விட்டார், ஒரு செம்பு தண்ணீரை மொண்டு ஊற்றினார், அடுப்பைப் பற்றவைத்து ஒரு கொதி வரும் வரை நின்றார், அணைத்துவிட்டுப் போனார். ஏழு மணி. அண்ணன். “என்னடா இது, வெந்நீர்?” என்று பருப்பைப் பார்த்தே கேட்டான். பேன்ட் பாக்கெட்டிலிருந்து அவன் வேலை பார்க்கிற கட்டடத்து உணவுக்கூடத்தில் கொடுக்கிற சின்னச் சின்ன உப்புப் பொட்டலங்களை எடுத்துப் பல்லால் கிழித்தான். ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு வரை எண்ணினேன். ஏழரை. மாமா. அவர் ருசியே பார்க்கவில்லை. நேரே கருவிப் பையில் கை விட்டார், பிளாஸ்டிக் கவரை அவிழ்த்தார், இரண்டு ஸ்பூன், தட்டினார், போனார். தபால் பெட்டியில் கடிதம் போடுகிற மாதிரி.

நான் குளியலறையிலிருந்து வெளியே வந்தேன். “யாரும் நகரக் கூடாது” என்றேன். கையில் கரண்டிக் காம்பும் அதில் ஒரு முடிக் கற்றையும் இருந்தன, அதனால் யாரும் நகரவில்லை.

“நான் ஒரு சிட்டிகைதான்டி போட்டேன்” என்றாள் அம்மா.

“அது சிட்டிகையாம்மா? அது சிட்டிகைன்னா மூட்டைய என்னன்னு சொல்லுவ?”

“ஏழாம் நாள் நீ அழுதியே. மனசு கேக்கல. பாத்திரம் காலியாச்சுன்னா உனக்கு சந்தோஷமா இருக்குமேன்னு...”

“நானும் அதுக்குத்தான்” என்றான் அண்ணன். “குட்டி அழுதா எனக்கு சோறு எறங்காது. உப்பில்லாட்டியும் எறங்காது. ரெண்டுக்கும் சேத்து ஒரே வேலையா முடிச்சேன்.”

“ஏழு பொட்டலமா?”

“சின்னப் பொட்டலம்.”

மாமா நாலு பக்கமும் பார்த்தார். “எனக்கு சிமெண்ட் தூசு தின்ன நாக்கு. உப்பு இருக்கா இல்லையான்னே தெரியாது. அதான் தெனம் கணக்கா ரெண்டு ஸ்பூன். கூடவும் போகல, குறையவும் போகல.”

“ருசியே தெரியாதுன்னா அப்புறம் எதுக்கு மாமா போட்டீங்க?”

“பாத்திரத்துல மிஞ்சுனா நீ அழுவியேம்மா.”

அம்மாவுக்குத் திடீரென்று வேறொரு சந்தேகம் வந்தது. “ஏன்டா தம்பி, அந்தப் பையிலதானே வெள்ளை சிமெண்டும் வெச்சிருக்க? எது உப்பு எது சிமெண்டுன்னு எப்படிப் பாப்ப?”

“நாக்குல வெச்சுப் பாப்பேன்.”

“உனக்குத்தான் நாக்கே தெரியாதேடா!”

மாமா சற்று யோசித்தார். பிறகு நாங்கள் எல்லோரும் சற்று யோசித்தோம். அண்ணன் அந்தக் கவரை வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு, உப்புதான் என்று உறுதி சொன்ன பிறகே மறுபடியும் பேச்சு ஆரம்பித்தது. மிச்சமிருந்தது அப்பா. அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க ஏம்ப்பா தண்ணி ஊத்துனீங்க?”

“கரிச்சுது.”

“கரிச்சா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“உனக்கு உப்பில்லாம வைக்கத் தெரியலன்னு நெனச்சேன். சொன்னா சமைக்கிறத விட்டுருவ. நீ விட்டா உங்கம்மா சமைப்பா.”

“சமைச்சா?” என்றாள் அம்மா. “சமைச்சா என்னங்க?”

அப்பா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “தண்ணி தவிக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆக, அக்கா, நடந்தது இதுதான். அம்மா போடுவாள், அப்பா தண்ணீர் ஊற்றுவார், அண்ணன் போடுவான், மாமா முத்திரை குத்துவார். இரண்டு தம்ளர் பருப்பு வைத்தால் ஏன் பாத்திரம் நிறைய வருகிறது என்று நான் யோசித்ததுண்டு. புதுப் பருப்பு நன்றாகப் பொங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கு மூன்று பேரை நினைக்க வேண்டியிருந்தது. இயற்கை உப்பும் இல்லை, நாக்கும் பிறக்கவில்லை. டிப்போ டாக்டரின் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் மிச்சம், மேல் எண் நூற்று எழுபத்துநாலு, அதை அந்த உயரத்துக்கு ஏற்றிவிட்டது அவர்மேல் பாசம் வைத்த குடும்பமும் என்மேல் பாசம் வைத்த அதே குடும்பமும்.

மறுநாள் சட்டம் போட்டேன். குளியலறைக்குப் போகிறவர்கள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் அடுப்பைத் தாண்ட வேண்டும். இரண்டு நாள் நடந்தது. மாமா துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு போனார். அண்ணன் போன் வந்தால் எடுக்க முடியாமல் கையைத் தூக்கியபடியே, “எடுத்து ஸ்பீக்கர்ல போடு குட்டி, லிஃப்டுல ஆள் மாட்டியிருக்கும்” என்று கெஞ்சினான். அம்மாதான் நடுவில் நின்றுவிட்டாள். “என் வீட்டு அடுப்பங்கரையில நானே கையத் தூக்கிட்டுப் போகணுமா? எத்தனை வருஷமா இந்த அடுப்பத் தாண்டுறேன். சும்மா தாண்ட முடியலடி. கை தானா மூடியத் தொறக்குது. எதையாவது போடலேன்னா சமைச்ச மாதிரியே இல்ல, சாப்பிடற மாதிரியும் இல்ல.”

அந்த நிமிஷம்தான் எனக்குத் தோன்றியது. கையைக் கட்ட முடியாது. கைக்கு வேறு ஏதாவது கொடுக்கலாம். அன்று மாலையே நாலு பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, உப்பில்லாத வேறு வேறு சாமான் நிரப்பி, அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன், ஒவ்வொன்றிலும் ஆள் பேர் எழுதி ஒட்டினேன். மருந்துக்கடை அக்காவிடமும் கேட்டுவிட்டேன். உப்பே கூடாது என்று டாக்டர் சொல்லவில்லையாம், குறைத்து, அளந்து போடச் சொன்னாராம். (அந்த மஞ்சள் வரியைப் பற்றித் தாங்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் அக்கா. கோபித்துக்கொள்ள வேண்டாம்.) ஆகவே பழைய செய்முறைக்குப் பதிலாகக் கீழ்க்கண்டதைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இது ஒரே நேரத்தில் வீடு திரும்பாத குடும்பங்களுக்கு ஏற்றது.

ஐந்து மணிக்கு இரண்டு தம்ளர் பருப்பையும் தோல் சீவாத பூசணித் துண்டுகளையும் இரண்டு தக்காளியையும் மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவைக்கவும். எல்லோருக்கும் சேர்த்து அரை டீஸ்பூன் உப்பு, அதற்கு மேல் ஒரு கல்லும் கிடையாது. போடுவதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் அனுப்பிவிடவும், அப்போதுதான் போடவில்லை என்று யாருக்கும் இரக்கம் வராது. ஆறு மணிக்கு வருகிறவர், வறுத்துப் பொடித்த சீரகமும் மல்லியும் ஒரு ஸ்பூன் போட்டுக் கிண்டட்டும். ஆறரைக்கு வருகிறவர் தண்ணீர்ச் செம்பைத் தொடக் கூடாது. அவர் கையில் ஆறு பல் பூண்டைக் கொடுங்கள், தணலில் கருகச் சுட்டு, உள்ளங்கையால் நசுக்கிப் போடட்டும். ஸ்டீயரிங் பிடித்த கைக்கு நல்ல அழுத்தம் இருக்கும். ஏழு மணிக்காரர் வறுத்த நிலக்கடலையையும் மிளகையும் ஒன்றிரண்டாக இடித்துப் போடட்டும், அவர் பாக்கெட்டில் எந்தப் பொட்டலமும் இருக்கக் கூடாது, சோதனை போடவும். கடைசியில் வருகிறவருக்கு ருசி தெரியாவிட்டால் பாதகமில்லை, அவருக்கு எலுமிச்சை. அடுப்பை அணைத்து ஆவி அடங்கிய பிறகு அரைப் பழம் பிழியட்டும். சூட்டில் பிழிந்தால் கசக்கும். மேலே கொத்தமல்லித் தழை, அதை நான் போட்டுக்கொள்கிறேன், எனக்கும் ஆசை இருக்காதா. இதே நாலு பாட்டிலை வைத்து மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஓட்டலாம், நாங்கள் ஓட்டினோம்.

பாத்திரம் காலி, அக்கா! முதல் நாளே காலி! அண்ணன் அடியைச் சுரண்டினான். அம்மா, “என் சீரகந்தான் தூக்கலா இருக்கு” என்றாள். “பொடிய விடுக்கா, என் எலுமிச்சையப் பாரு” என்றார் மாமா, ருசி தெரியாத மனுஷன். முதல் வாரம் ஜன்னலைப் பார்த்த அதே ஆள்! போன சனிக்கிழமை மேல் எண் நூற்று ஐம்பத்தாறு. இன்று சாயங்காலம், நாளைக்குப் பரீட்சை என்பதால் தனியாகப் போய் அளந்தோம். நூற்று நாற்பத்தாறு! மருந்துக்கடை அக்கா இரண்டாவது முறை அளந்தார். அதேதான். பன்னிரண்டு நாளில் இருபத்தெட்டு! இருநூற்றுப் பதினாலு பேருக்கும் நான் தனித்தனியாக மன்னிப்புக் கேட்கத் தயார், ஆனால் அவர்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: பருப்பு ஜெயித்துவிட்டது. வீட்டுச் சாப்பாடு ஜெயித்துவிட்டது. ஒரு பஸ் ஓட்டுநரை ஸ்டீயரிங்கிலேயே உட்காரவைப்பதற்கு நாலு பாட்டில் போதும் என்று பெரிய எழுத்தில் தலைப்பு வைக்கவும், படம் நான் எடுத்து அனுப்புகிறேன்.

தங்கள் அடுப்பில் பால் பொங்கி வழியாமலும், தங்கள் கத்திகள் மழுங்காமலும், தங்கள் வீட்டார் யாரும் தங்களுக்குத் தெரியாமல் மூடியைத் திறக்காமலும் இருக்க எங்கள் வீட்டு ஐந்து பேரின் அன்பும் வணக்கமும்.

என்றும் தங்கள் உண்மையுள்ள,
கரண்டிக்காரி

பி.கு.: இதை நேற்றே அனுப்பியிருக்க வேண்டும், இரவு நெட் போய்விட்டது. நல்லதாகப் போயிற்று. இன்று டிப்போ டாக்டர் அளந்தார், நூற்று நாற்பத்துநாலு, ‘சரி, போங்க’ என்று முழுசாகவே சொல்லிவிட்டார். அப்பா மதியமே வந்துவிட்டார். அம்மா இன்று லீவு போட்டிருந்தாள், நான் கடையிலிருந்து வந்த நேரம் அவருடைய சீருடைச் சட்டையைத் துவைக்க எடுத்து, பாக்கெட்டில் கை விட்டாள். மாத்திரை அட்டை. பதினைந்து குழி, பன்னிரண்டு காலி.

“என்னங்க இது?”

“மாத்திரை.”

“அது தெரியுது. யார் குடுத்தா?”

“டாக்டர்தான். மொத நாளே குடுத்தார்.”

“மொத நாளேவா? அப்ப ஏன் பன்னெண்டு மட்டும் காலி?”

அப்பா என்னைப் பார்த்தார். “பிள்ளை சமைச்சே சரி பண்றேன்னு சொல்லிச்சு. மாத்திரையும் போட்டா என்னைய நம்பலியான்னு கேக்கும். அதான் போடல. அப்புறம் அன்னிக்கு அடுப்பங்கரையில எல்லாத்தையும் கேட்டேன். இந்த வீட்ல யாரை நம்புறதுன்னு தெரியல. மாத்திரைய நம்புனேன்.”

ஆகவே அக்கா, மேலே ‘ஜெயித்துவிட்டது’ என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிடவும். தலைப்பும் வேண்டாம். இருபத்தெட்டில் பருப்பு எத்தனை, மாத்திரை எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. போனில் டாக்டரிடம் கேட்டேன், ரெண்டையும்தான் முதல் நாளே சொன்னேனே என்று திட்டினார். செய்முறையைப் போடுவதானால், தேவையான பொருட்களில் எலுமிச்சைக்குக் கீழே ‘அவரவர் டாக்டர் அவரவர்க்குக் கொடுத்த மாத்திரை, மறைக்காமல்’ என்று சேர்த்துக்கொள்ளவும்.

அண்ணன் சாப்பிட வந்து உட்கார்ந்ததும், “எதுல எறங்குச்சுன்னு தெரியணும்னா ஒண்ண நிறுத்திப் பாக்கணும்” என்றான்.

“மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்” என்றார் அப்பா.

“அப்ப பருப்ப நிறுத்திப் பாப்போம்.”

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். “அதையும் நிறுத்த வேணாம்” என்றார்.

அக்கா, இருபத்தேழு வருஷத்தில் முதல் நல்ல கமெண்ட் வந்திருக்கிறது. அதை மட்டும் மேலே பின் பண்ணிவிடவும்.